இரண்டு பொட்டலம் வெள்ளரளி

இந்த ஜென்மத்தில் என் கார் சாவியை மனைவி கையில் கொடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் போட்டேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அப்போது அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

என் பேர் அரங்கசாமி. போத்தனூரில் வீடு. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். கம்பெனியில் நான் ஒரு அதட்டல் போட்டால் நின்றுபோன மோட்டார் ஓடும். வீட்டில் நான் சொல்லி மின்விசிறிகூடச் சுற்றாது. மனைவி குழந்தையம்மாள். பேரில் மட்டும்தான் குழந்தை.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு வெள்ளைக் கார் வாங்கினேன். காலையில் சாமி கும்பிட மறந்தாலும் மறப்பேன், காரைத் துடைக்க மறக்க மாட்டேன். துடைப்பேனே தவிர, அதிகம் வெளியே எடுக்க மாட்டேன். எடுத்தால் தூசி படும். பட்டால் மறுபடியும் துடைக்க வேண்டும். சிக்கல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லியோடு சேர்ந்து வந்தது.

"ஏனுங்க மாமா, பேரூர்க் கோயில்ல கல்லுலயே சங்கிலி செதுக்கித் தொங்க உட்டுருக்காங்களாமா. கண்ணாலமாகி இந்த ஊருக்கு வந்து இத்தன வருசமாச்சு, நான் இன்னும் பாக்கலீங்க."

"போலாம் அம்மிணி. அடுத்த வாரம்."

"இதையேதான் போன தீவாளிக்கும் சொன்னீங்க. நீங்க கூட்டிட்டுப் போறதுக்குள்ள கல்லுச் சங்கிலிக்கே துருப்புடிச்சுருமுங்க."

"வண்டிய சர்வீசுக்கு உடோணும்."

"ஓட்டாத வண்டிக்கு எதுக்குங்க சர்வீசு?"

நான் சட்னியை உற்றுப் பார்த்தேன். பதில் இல்லாதபோது நான் பார்ப்பது சட்னியைத்தான்.

"சரி உடுங்க. சாவியக் குடுங்க. நானே ஓட்டிட்டுப் போயிக்கறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரிஞ்சாக் குடுத்துருவீங்களா?"

எனக்குப் புரையேறிவிட்டது. பீரோ சாவி அவளிடம். மாடி வீட்டுச் சாவி அவளிடம். டிவி ரிமோட்டும் அவளிடம். மிச்சமிருப்பது இந்தக் கார் சாவி ஒன்றுதான். அதுவும் போய்விட்டால், இந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருப்பது பல் தேய்க்கிற பிரஷ் மட்டும்தான். அதன் நிறத்தையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள்.

அன்று மாலையே காலனி வாட்ஸப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. கோவையின் பழம்பெரும் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாவற்றையும் ஒரே நாளில் வேனில் கூட்டிப்போய், கூடவே ஆள் போட்டு விளக்கிச் சொல்வார்களாம். கடைசி நிறுத்தம் ஓர் அம்மன் கோயில். படித்ததும் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் செய்யும். செய்தால் நிற்காது.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டலாமா, பெண்ணைக் கொடுக்கலாமா என்று மனசு குழம்பினால் அம்மனிடம் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஏதாவது ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"அம்மிணி, நமக்குள்ள எதுக்குச் சண்டை? டூர் போலாம். கடைசியா அம்மங்கிட்டப் பூப்போட்டு, வண்டிச் சாவி என்றகிட்டயே இருக்கலாமான்னு கேட்டுப்போடலாம். அம்மன் சொன்னா ரெண்டு பேரும் கேட்டுக்கோணும்."

"சரிங்க," என்றாள்.

என் யோசனை எதற்கும் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

சுற்றுலாவன்று காலையில் என் காரிலேயே உக்கடம் போய், வேன் புறப்படும் இடத்தில் நிழலாகப் பார்த்து நிறுத்தினோம். வேனில் வழிகாட்டியாக அக்ஷயா என்ற பெண், கையில் மைக்கோடு நின்றாள். எங்களுக்கு முன் சீட்டில் கோட்டைமேட்டைச் சேர்ந்த ஜவுளி வியாபாரி அப்துல் வஹீது, அவர் மனைவி சாஜிதா பேகம். வஹீது ஜன்னலோரம் உட்காரப் போனார். சாஜிதா பேகம் ஒரு பார்வை பார்த்தார். வஹீது நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தார். எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போயிற்று.

முதலில் பேரூர். கனகசபை மண்டபத்தில் நுழைந்ததும் எனக்கே வாய் அடைத்துவிட்டது. தூணுக்குத் தூண் ஆள் உயரத்துக்கு மேல் சிலைகள். விரல் நகம்வரை செதுக்கியிருக்கிறான் சிற்பி. மேலே அந்தக் கல் சங்கிலி. ஒரே கல்லில் வளையத்துக்குள் வளையம். இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் பம்ப்செட்டையே பார்த்துக்கொண்டிருந்தோமே என்று நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அக்ஷயா பிறவாப்புளி, இறவாப்பனை கதையைச் சொன்னாள். "இந்தப் புளியமரத்துக் கொட்டை மொளைக்கவே மொளைக்காதுன்னு சொல்லுவாங்க."

குழந்தையம்மாள் கையைத் தூக்கினாள். "நட்டுப் பாத்தது யாருங்க கண்ணு?"

"அது... காலங்காலமா சொல்றதுங்கம்மா."

"சொன்னவிய நட்டாங்களா, இல்ல நட்டவிய சொன்னாங்களா?"

வேனில் வந்தவர்கள் எல்லாரும் இப்போது அக்ஷயாவை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சந்நிதியில் அவள் கண்ணை மூடி நின்று, உதடு அசைய நெடுநேரம் ஏதோ வேண்டினாள். நான் பக்கத்தில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன வேண்டுன?"

"வெளிய சொன்னாப் பலிக்காதுங்க."

அடுத்தது பெரிய கடை வீதியில் புனித மைக்கேல் பேராலயம். உள்ளே போனதும் வெளிச் சத்தமெல்லாம் அடங்கி, அப்படி ஒரு அமைதி. வாள் ஏந்திய மைக்கேலைக் குழந்தையம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

"கையில வாளிருந்தும் மொகத்துல எத்தன சாந்தம் பாருங்க. நீங்க வெண்டைக்கா அரியக் கத்தி எடுத்தாலே ஊடு ரெண்டாகுது."

அங்கேயும் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, உதடு அசைய நின்றாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று ஒட்டுக்கேட்டேன். அக்ஷயா வந்து, "சார், அந்தத் தூணப் பத்தி ஏதாச்சும் சந்தேகங்களா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு இருந்த சந்தேகம் தூணைப் பற்றியது இல்லை.

அப்படி என்னதான் வேண்டுகிறாள்? வேறென்ன, சிவப்புப் பூ வர வேண்டும் என்றுதான் வேண்டுவாள். போகிற இடத்திலெல்லாம் சிபாரிசு பிடிக்கிறாள். அம்மனும் ஒரு பெண். பெண்ணைப் பெண் விட்டுக்கொடுப்பாளா? சாவி கைவிட்டுப் போவது கண்முன்னால் தெரிந்தது.

சாப்பாட்டு இடைவேளையில், காலை நீட்டி நடந்துவிட்டு வருகிறேன் என்று நழுவினேன். டவுன்ஹால் பக்கம் ஒரு பூக்கார அம்மா.

"அரளி ரெண்டு பொட்டணம் கட்டிக் குடுங்க. உள்ள இருக்கறது வெளிய தெரியக்கூடாதுங்க."

"பூப்போட்டுப் பாக்கறதுக்குங்களா? செவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு?"

"ரெண்டுமே வெள்ளைங்க."

பூக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டும் வெள்ளைன்னா அப்பறம் சாமிக்கு என்னங்க வேலை?"

நான் காசை எடுத்து நீட்டினேன். பார்ப்பதற்கு அங்கே சட்னியும் இல்லை.

சாயங்காலம் ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாத் பள்ளிவாசல். அந்தக் காலத்து அத்தர் வியாபாரிகள் எழுப்பியது என்று வஹீது விளக்கினார். வெளியே வீதியில் அத்தனை ஜவுளிக்கடை இரைச்சல். ஒரு வாசல் தாண்டியதும் காற்றே மாறிவிட்டது. பெண்கள் வாசல் பக்கமே நின்றுகொண்டார்கள். நானும் வஹீதும் உள்ளே நின்று, மேலே தெரிந்த மினாராவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரகசியம் ஒன்று தொண்டைவரை வந்துவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். அது அன்றைக்குப் பொட்டலம் பொட்டலமாக என் பையில் வேறு இருந்தது.

"பாய், உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டேன். வஹீது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"தைரியமான ஆளுங்ணா நீங்க! நானெல்லாம் கனவுலகூட இப்படிச் செய்யமாட்டேன். வெளியாளு யாருக்கும் மூச்சு உடமாட்டனுங்ணா."

வேன் கிளம்பியதும் வஹீது தன் மனைவி பக்கம் சாய்ந்தார். சாஜிதா பேகம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "குழந்தையக்கா, சித்த இங்கிட்டு வாங்களேன்," என்று கூப்பிட்டார். என் மனைவி எழுந்து போனாள். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். பிறகு இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வஹீதைப் பார்த்தேன். வஹீது ஜன்னலைப் பார்த்தார்.

இறங்கும்போது அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னீங்களே பாய்?"

"வெளியாளுகிட்டச் சொல்லமாட்டேன்னுதானுங்ணா சொன்னேன். ஊட்டுல கேட்டா சொல்லாம இருக்க முடியுமுங்களா? நீங்க இருப்பீங்களா?"

நியாயமான கேள்வி. நானும் இருக்கமாட்டேன்.

கடைசி நிறுத்தம் அந்த அம்மன் கோயில். பேர் வேண்டாம். பூசாரி இப்போது என்னை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். எனக்கு ஒரே ஓர் ஆறுதல்தான். அவளுக்கு விஷயம் தெரிந்தாலும் என்ன செய்துவிட முடியும்? பத்துப் பேர் முன்னால் கட்டின புருஷனைத் திருடன் என்று காட்டிக்கொடுக்க மாட்டாள். குடும்ப மானம் அவளுக்கு முக்கியம். பொட்டலம் இரண்டையும் எடுத்துத் தட்டில் வைத்தேன். வேனில் வந்த கூட்டம் முழுக்கச் சுற்றி நின்றது. என்ன வரப்போகிறதோ என்று எல்லார் முகத்திலும் ஆவல். அக்ஷயா மைக்கை அணைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டாள்.

பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். "யாரு கேக்கறீங்க?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் குழந்தையம்மாள் ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.

"வெள்ளை வந்தாச் சரின்னு அர்த்தம். செவப்பு வந்தா வேண்டாம்னு அர்த்தம். அப்படித்தானுங்க மாமா?"

"ஆமா," என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன்.

அவள் கையைக் கூப்பினாள். "தாயே, மத்தியானம் இவிய தூங்கறப்பத் தெருமுக்கு டிரைவிங் ஸ்கூலுக்குப் போயி வண்டி ஓட்டப் பழகிப்போட்டேன். லைசென்சும் வாங்கிப்போட்டேன். இனிமேலு இவியகிட்ட இருக்கற கார் சாவிய நான் வாங்கிக்கலாமா? சரின்னா வெள்ளைப் பூவக் குடு தாயே!"

பதிலை இரண்டு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தவன், கேள்வியைத் தெருவில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"இரு அம்மிணி, கேள்வி அது இல்ல. நம்ம பேசிக்கிட்டது..."

"எந்தக் கேள்வியா இருந்தா என்னங்க? அம்மன் பொய்யா சொல்லிரும்?"

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். பளிச்சென்று வெள்ளரளி. கூட்டம் கைதட்டியது. சாஜிதா பேகம்தான் அதிகம் தட்டினார். வஹீதும் தட்டினார். அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார், தட்டாமல் என்ன செய்வார், பாவம்.

"இன்னொருக்காக் கேட்டுப் பாத்துரலாங்க சாமி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பாத்தறலாமுங்க," என்றாள் குழந்தையம்மாள், அந்த மைக்கேல் மாதிரி சாந்தமாக. "அதுக்கு முன்னால அந்த இன்னொரு பொட்டணத்தையும் பிரிச்சு, செவப்பு இருக்குதான்னு எல்லாருமாப் பாத்துக்கலாம். என்னங்க மாமா, பிரிக்கச் சொல்லட்டுங்களா?"

பூசாரியின் கை பொட்டலத்தை நோக்கி நீண்டது. நான் பாய்ந்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"வேண்டாம், வேண்டாம்! அம்மன் வாக்கைச் சந்தேகப்படறதா? தப்பு, தப்பு! அம்மன் சொன்னாச் சொன்னதுதான்!"

என் பக்தியைப் பார்த்துக் கூட்டமே உருகிப்போனது. பூசாரி எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு கை திருநீறு கொடுத்தார். அவள் கையை நீட்டினாள். சாவியை வைத்தேன்.

உக்கடத்தில் வேனை விட்டு இறங்கியதும் அவள் நேராகப் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் தள்ளினாள். கண்ணாடியைத் திருப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் காருக்கும் அந்தப் பக்கத்தில் இல்லாத பிரேக்கைப் போத்தனூர்வரை மிதித்துக்கொண்டே போனேன். உள்ளதைச் சொல்கிறேன், என்னைவிட நன்றாகத்தான் ஓட்டினாள். பேருந்துக்கு வழி விட்டாள். குழி பார்த்து மெதுவாக இறக்கினாள். பயமாகத்தான் இருந்தது. பாதி வழிக்கு மேல் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"இப்பவாச்சும் சொல்லு. காலையிலிருந்து போற எடமெல்லாம் என்ன வேண்டுன?"

"நான் ஓட்டறப்ப நீங்க பக்கத்துல உக்காந்து தொணதொணக்காம வரோணும்னுதானுங்க."

அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. அத்தனை இடத்தில் வேண்டியிருக்கிறாள், பலிக்காமல் இருக்குமா?

எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவள் ஹார்ன் அடித்தாள். குறுக்கே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். தெருவில் ஈ, காக்கை இல்லை. மறுபடியும் அடித்தாள்.

நான் இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன்.