வல்லூறுக்குக் காவல் இருந்தவர்

துறைமுகத்துப் பழைய தானியக் கோபுரத்தின் உச்சியில் வல்லூறு குஞ்சு பொரித்த நாளிலிருந்து கதிரவேல் வீட்டு வேலை எதற்கும் ஆளில்லை. பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். பறவை ஆராய்ச்சிக்காரர் தொலைநோக்கியும் எழுதிவைக்கக் கொப்பியும் கொடுத்து, குஞ்சு முதன்முதலாகப் பறக்கும் நேரத்தைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். "அது பறக்குமட்டும் பகல்ல மொட்டைமாடியை விட்டு இறங்கமாட்டன்," என்று, கோபுரம் நேரே தெரியும் தன் வீட்டு மாடியில் நின்று சபதம் எடுத்தார். தேத்தண்ணீர், சாப்பாடு எல்லாம் மனைவி கோணேஸ்வரிதான் முழங்கால் நோக நோக மேலே சுமந்தாள்.

நாற்பதாம் நாள் காலை, தட்டோடு ஏறி வந்தவள் மூச்சு வாங்கினாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா நானும் பாக்கட்டே?"

"உனக்கு விளங்காது."

அந்த நேரம் தாய்ப்பறவை உச்சி வானத்தில் செட்டையை மடக்கிக்கொண்டு விழுந்தது. கல் விழுந்ததுபோல விழுந்தது. காற்றுக் கிழிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. புறா ஒன்று பறந்துகொண்டிருந்த இடத்தில் நாலைந்து இறகு மட்டும் மிதந்தது. கோணேஸ்வரியின் கை தன்பாட்டில் கும்பிட்டது.

வல்லூறு இரையோடு எதிரேயிருந்த பாரந்தூக்கியில் போய்க் குந்தியது. குஞ்சு கத்து கத்தென்று கத்தியது. தாய் அசையவில்லை.

"ஏன் குடுக்குதில்லை?"

"அதுதான் சூட்சுமம்!" கதிரவேல் நெஞ்சை நிமிர்த்தினார். "இருந்த இடத்தில குடுத்தால் எழும்பாது. பசிச்சால் தானா வெளிக்கிடும்."

"அப்பிடியோ?" என்றாள். தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் தேத்தண்ணீர் வரவில்லை.

"கோணேஸ்! சாப்பாடு எங்க?"

"குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில!"

"கொண்டு வா!"

"ஏலாது! முழங்கால் நோகுது!"

ஒன்பது மணிக்குச் சொதி மணம் ஏறி வந்தது. பின்னாலேயே பொரித்த மீன் மணம். பத்து மணிக்குக் கதிரவேல் இறங்கினார். எதிரே வந்தவள் முழங்கால் நோவை மறந்து இரண்டிரண்டு படியாக மேலே போனாள்.

மூன்றாவது இடியப்பத்துக்குச் சொதி விடும்போது மேலே கூக்குரல். "ஐயோ, பறந்திட்டுது! ஓடி வாங்கோ!"

சொதிக் கையோடு ஓடினார். குஞ்சு தள்ளாடியது, சரிந்தது, பிறகு காற்று அதைத் தாங்கிக்கொண்டது. கப்பல்களுக்கு மேலால் வட்டமிட்டுத் தாயிடம் போய்ச் சேர்ந்தது. முப்பது வருசம் அந்த உயரத்தில் வேலை செய்தவர், உயரம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கண்டார். கண் கலங்கிவிட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொப்பியைத் திறந்தார். அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது:

"காலை 10.12. முதற்பறப்பு. கண்டவர்: கோணேஸ்வரி. கதிரவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்."