அப்பாவின் போனுக்கு விடுதி பிடிக்கவில்லை

தருவைகுளம்,
ஞாயிற்றுக்கிழமை.

முத்தையாபுரத்தில் இருக்கும் மரியாதைக்குரிய ஜெஸ்டின் மாமாவுக்கு, தங்கை மகள் ஜெர்லின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். எங்கள் போன் மட்டும் அப்பாவைப் பற்றித் தவறான கருத்தில் இருக்கிறது. அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் போன்களும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். வீட்டில் இருக்கும் ஒரே போனைப் பற்றிய புகாரை அந்தப் போனிலேயே எப்படிச் சொல்வது? அதனால்தான் தாளில் எழுதி ரோச் சித்தப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பாளையங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்பு இடம் கிடைத்ததும், விடுதியில் தங்கிப் படிக்க அப்பா சம்மதித்ததும் உங்களுக்குத் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். இப்போது அப்பா அனுப்பமாட்டேன் என்கிறார். நடந்தது என்னவென்றால், இரண்டு வாரத்துக்கு முன் அப்பாவும் ரோச் சித்தப்பாவும் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகும்போது 'விடுதிக்குப் போன மகள் என்ன ஆனாள்?' என்று ஒரு வீடியோ வந்திருக்கிறது. அது ஓடத் தொடங்கியதும் டவர் போய்விட்டது. டவர் போனால் அடுத்தது வராது, இருப்பதே திரும்பத் திரும்ப ஓடும். அப்பாவின் இரண்டு கையும் வலையில். போன் எஞ்சின் பெட்டி மேல் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்து, சார்ஜ் தீரும்வரை அந்த மகளைக் கடலுக்குக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எதை அதிக நேரம் பார்க்கிறோமோ அதைப் போன்றதையே போன் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும் என்று எங்கள் முத்துமணி டீச்சர் சொல்லியிருக்கிறார். ஒரே வீடியோவை முந்நூறு தடவை பார்த்த டெரன்ஸ் என்கிற எங்கள் அப்பாவுக்கு இதைவிட்டால் வேறு ஆசையே இல்லை என்று அது முடிவு கட்டிவிட்டது.

கரைக்கு வந்து சார்ஜ் போட்டதும் தொடங்கியது, மாமா. விடுதிச் சாம்பாரில் புழு, விடுதி மாடியில் பேய், விடுதி வாசலில் அழும் அப்பா, கோட்டு போட்ட ஒருவர் விரலை நீட்டி "பெண்ணைப் பெற்றவர்களே!" அப்பா சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா ஜெர்லின், ஊரே சொல்லுது, நீ போவாண்டாம்."

"ஊர் இல்லப்பா, போன் சொல்லுது."

"அத்தன பேரும் பொய்யா சொல்லுதான்? அந்தக் கோட்டுக்காரன் நம்ம முகத்தப் பாத்தே பேசுதாம்ளா!"

அம்மா நியாயமாக விசாரிக்கிறேன் என்று போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், கால்மணி நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் தனியாத்தான் பாத்தேன். எனக்கும் அதான் வருது." இது இரண்டாவது சாட்சியாகிவிட்டது. மூன்றாவது சாட்சி ரோச் சித்தப்பா. அவர் போனில் அதுவரை கணவாய் மீன் சமையல் மட்டும்தான் வரும். அப்பா தினமும் இருபது வீடியோ அனுப்பியதில், ஒரே வாரத்தில் அங்கேயும் கணவாய் போய்ப் பேய் வந்துவிட்டது. "பாத்தியா, ரோச்சுக்கும் தெரிஞ்சிருக்கு" என்கிறார் அப்பா.

என் தவறையும் மறைக்காமல் சொல்கிறேன். போனைத் திருத்திவிடலாம் என்று நான் ஒவ்வொரு வீடியோவையும் கடைசிவரை பார்த்து, கீழே "ஐயா, இதற்கு ஆதாரம் என்ன?" என்று பத்தி பிரித்து மறுப்பு எழுதினேன். நாற்பத்தாறு மறுப்புகள். சண்டை போட இவ்வளவு ஆர்வமாக ஒருவர் கிடைத்தாரே என்று போன் இரட்டிப்பாக அனுப்பத் தொடங்கிவிட்டது. "எழுதுறதுதானா ஒனக்கு வேல? அது ஒன்னய விட மாட்டேங்குது" என்று அம்மா தலையில் குட்டினாள்.

ஆகவே மாமா, புதன்கிழமைக்குள் நேரில் வந்து, போனில் வருவது உலகம் இல்லை, நாம் பார்த்ததையே அது நமக்குத் திருப்பிக் காட்டுகிறது, அதை நம்பக்கூடாது என்று அப்பாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள். மச்சான் பேச்சை அவர் தட்டமாட்டார். வரும்போது உங்கள் போனைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருங்கள், உங்களுக்கும் அனுப்பிவிடுவார்.

அத்தைக்கு என் அன்பு. மாதா உங்கள் வீட்டையும் வேலையையும் காக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ஜெ. ஜெர்லின் (பதற்றத்தில் அப்பாவின் முதலெழுத்தைத் தவறாக எழுதிவிட்டேன்);
டெ. ஜெர்லின்.

பின்குறிப்பு: ரோச் சித்தப்பா பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் அவசரமாக எழுதுகிறேன். இப்போது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பெட்டி, மெத்தை, பூட்டு, வாளி, மூடியுள்ள டம்ளர். இத்தனை விடுதி வீடியோ பார்க்கும் வீட்டில் மகள் விடுதிக்குத்தான் போகிறாள் என்று முடிவு கட்டி, போன் 'விடுதி மகளுக்கு முழு செட், இன்னும் மூன்றே மூன்று' என்று விளம்பரம் காட்ட, மூன்றும் தீர்ந்துவிடுமோ என்று அப்பா வாங்கும் பொத்தானை அமுக்கிவிட்டாராம். திருப்பி வாங்கமாட்டார்களாம். "மெத்தைய வச்சு வள்ளத்துலயா படுப்பேன்? போய்ச் சேருளா" என்கிறார். நாளைக்கே பாளையங்கோட்டை. ஆகவே மாமா, போனை நம்பக்கூடாது என்று மேலே எழுதியது முழுவதும் உண்மை. தயவுசெய்து அதை வெள்ளிக்கிழமை வரை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.