மர்ஹூன் மச்சானின் வண்டிக்கு விமானச் சக்கரம்

மின்தரிப்,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் மர்ஹூன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஸுவைனாவின் கணவன் கல்ஃபான் ஸலாம் கூறி எழுதுவது. இறைவன் அருளால் நான், உங்கள் தங்கை, ஒட்டகங்கள் எல்லோரும் நலம். மஸ்கட்டில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே என்ன செய்தி என்றால், ஒரு செய்தியும் இல்லை. காபி உள்ளே போகும் முன் அப்படிச் சொல்வதுதானே நம் மரியாதை. சொல்லிவிட்டேன், காபியும் குடித்துவிட்டேன். இனி செய்திக்கு வருகிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை வந்து, இங்கே விட்டுப்போன உங்கள் பழைய ஜீப்பை விற்கப்போவதாகப் போனில் சொன்னீர்கள். "அது மணல்ல ரெண்டடி போனா நாலடி புதையுது மாப்ள. பேசாம நீங்களும் ஒட்டகத்தையெல்லாம் வித்துட்டு இங்க வந்துருங்க, மாடி ரூம் சும்மாதான் கெடக்கு" என்றும் சொன்னீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் என் முழங்கால் இருக்கும் நிலையில் ஒட்டகம் ஏற முடியாது என்பது உங்களுக்கே தெரியும். மணலுக்கு அந்தப் பக்கம் மேயும் என் ஒட்டகங்களிடம் என்னைக் கொண்டு சேர்ப்பது அந்த ஜீப் ஒன்றுதான். அது போனால் ஒட்டகங்கள் போகும், ஒட்டகங்கள் போனால் நான் உங்கள் மாடியில் ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மல்லாந்து கிடக்க வேண்டியதுதான். எனவே புதையாத சக்கரம் ஒன்றை மாட்டி உங்கள் வாயை அடைப்பது (மன்னிக்கவும், மனதை மாற்றுவது) என்று முடிவு செய்தேன்.

இப்ரா நகரில் பழைய இரும்புக் கடையில் ஏதோ ஒரு சரக்கு விமானத்தின் டயர்கள் கிடந்தன. அகலமாக, மொழுமொழுவென்று, குழந்தையின் கன்னம் போல. நம் ஊர்ப் பையன்கள் பெரிய பெரிய பட்டன் வைத்த டயராகப் பார்த்து வாங்குகிறார்கள், அந்தப் பட்டன்தான் மணலைத் தோண்டித் தோண்டி வண்டியைக் குழியில் இறக்குகிறது. ஒட்டகத்தின் பாதத்தில் பட்டன் பார்த்திருக்கிறீர்களா மச்சான்? நான் பார்த்ததில்லை. மெக்கானிக் குல்ஸார் கானிடம் கொண்டுபோனேன். "அர்பாப், இது ஓட்டுறதுக்கு இல்ல, எறங்குறதுக்கு" என்றான். மாட்டு என்றேன். மாட்டினான். ரிம்மை வெட்டி ஒட்டவைத்து மாட்டியதில் சக்கரம் மட்கார்டில் இடித்தது, மட்கார்டை அறுத்தோம், பிறகு பம்பர் இடித்தது, அதையும் அறுத்தோம், பிறகு கதவின் ஓரம், அதை எழுதி உங்களுக்குத் தலைவலி தருவானேன். வண்டி யாருடையது என்று கேட்டான், குடும்ப வண்டி என்றேன். இப்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் முழுதாகத் திரும்பாது. பள்ளிவாசலுக்குப் போக மூன்று முறை வலப்பக்கம் திரும்பிப் போகிறேன், ஊர் முழுக்க ஸலாம் சொன்ன புண்ணியமும் சேர்கிறது.

உங்கள் தங்கை நெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறித்தான் வண்டிக்குள் வர முடிந்தது. உட்கார்ந்ததும், அண்ணன் பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டாள். பெருமைப்படுவார் என்றேன். "அப்ப பாக்காமலே பெருமைப்படட்டும்" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், ஊருக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெரிய மணல்மேட்டுக்குப் போனேன். உங்கள் கல்யாண வருஷத்தில் நீங்கள் ஏறப்பார்த்து, பாதியில் உருண்டு வந்தீர்களே, அதே மேடுதான். வழக்கம்போல் பையன்கள் புதுப்புது வண்டிகளோடு கூடியிருந்தார்கள். ஸுலைம் என்ற பக்கத்து வீட்டுப் பையன், "மாமா, எந்த ஊர் ஃபிளைட்டு?" என்று கேட்டான். நான் குந்தி உட்கார்ந்து நாலு டயரிலும் காற்றை இறக்கினேன். பேரீச்சம்பழம் போலக் குழைந்ததும் ஏறி உட்கார்ந்து அழுத்தினேன் பாருங்கள், ஸுலைமின் புது வண்டி அச்சு வரை மணலில் முங்கிக் கிடக்க, உங்கள் கிழட்டு ஜீப் இருமிக்கொண்டே, கறுப்பாகப் புகை விட்டுக்கொண்டே, புதையாமல், வழுக்காமல், மேலே, மேலே, உச்சிக்கே போய்விட்டது. கீழே அத்தனை பேரும் மர்ஹூன் வண்டி ஏறிவிட்டது, மர்ஹூன் வண்டி ஏறிவிட்டது என்று கத்தினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மச்சான்.

உச்சியில் கிழவர் முஹன்னா ஒட்டகங்களோடு நின்றிருந்தார். பாலையில் ஒரு மனிதரைப் பார்த்துவிட்டு, செய்தி கேட்காமல் கடந்துபோக நான் என்ன மஸ்கட்காரனா? அங்கேயே, முகட்டின் மேலேயே நிறுத்தினேன். உடம்பு கேட்டோம், மழை கேட்டோம், மேய்ச்சல் கேட்டோம், இரண்டு பேருக்கும் செய்தி இல்லை என்று முடிவானதும் அவர் காபித் தூக்கைத் திறந்தார். நான் கோப்பையை ஆட்டிப் போதும் என்று காட்டும் வரை ஊற்றினார். பிறகு வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்குக் கால் வெச்சவன் ஒட்டகம் வளத்தவனாத்தான் இருக்கணும்" என்றார். எனக்கு அது போதும்.

ஆகவே மச்சான், இந்த ஊரில் உங்கள் பெயரை உயரத்தில் ஏற்றிவைத்த வண்டியை விற்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இறைவன் உங்கள் வீட்டில் பரக்கத்தையும், உங்கள் இதயத்தில் இரக்கத்தையும் பொழிவானாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை
கல்ஃபான்

பி.கு.: படித்துக் காட்டியதில், கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது என்கிறாள் உங்கள் தங்கை. நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது காற்று திரும்பி, இரண்டு பக்கமும் மணலை அரித்து இறக்கிவிட்டது. வண்டியின் வயிறு முகட்டில் உட்கார்ந்துவிட்டது, நாலு சக்கரமும் அந்தரத்தில், விமானத்தில் சுற்றுவது போலவே சுற்றுகின்றன. வயிற்றுக்கு அடியில் தோண்டத் தோண்டக் காற்று மணலைக் கொண்டுவந்து மூடுகிறது. நான் முஹன்னாவின் ஒட்டகத்தில் ஏறித்தான் வீடு வந்தேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளும் ஏறிப் பார்த்தேன், அப்போதும் சொல்லவில்லை. ஆகையால் வெள்ளிக்கிழமை தாராளமாக வாருங்கள். வழி கேட்க வேண்டியதில்லை, வண்டி பெரிய சாலையிலிருந்தே தெரிகிறது. விற்பதானால் அங்கேயே வைத்து விற்றுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.