ஜனவரி ஒன்றில் பிறந்த ஊர்

பெஜாயா என்ற ஊரின் கல்லூரியில் கணினியை வைத்து வரலாறு படிக்கும் வகுப்பு ஒன்று தொடங்கப்பட்டது. வெளிநாட்டில் எல்லாரும் தொடங்கிவிட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆசிரியை வஹீபாவின் வேலை தற்காலிகமானது. கல்வித் துறை ஆய்வாளர் வந்து பார்த்துத் தலையசைத்தால் வகுப்பும் இருக்கும், அவளும் இருப்பாள்.

ஊரின் பழைய பிறப்புப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, எந்த நாளில் எத்தனை பேர் பிறந்தார்கள் என்று மாணவர்கள் படம் வரைந்தார்கள். வருடம் முழுக்கப் புல் முளைத்தாற்போல் சிறு கோடுகள். ஜனவரி ஒன்றில் மட்டும் பள்ளிவாசல் மினார்போல் ஒன்று நின்றது.

"எங்க தாத்தாவும் அதுலதான் இருக்காரு மேடம்," என்றாள் லூஞ்சா என்ற மாணவி. "அவரு பிறந்தப்போ நல்ல கோடை, அத்திப்பழம் பழுத்திருந்துச்சாம்."

"தேதி தெரியலைன்னா குமாஸ்தா ஜனவரி ஒண்ணுன்னு போட்டுருவாரு. தகவல் எங்க பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் பாடமே!" என்றாள் வஹீபா.

ஆய்வாளர் மொக்ரான் வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல ஏதோ தப்பு இருக்கேம்மா."

"ஆமாங்க ஐயா. அதைத்தான் சொல்லித்தர்றேன்."

"அரசாங்கப் பதிவுல தப்பா?"

அரசாங்கப் பதிவில் தப்பு இருக்க முடியாது. ஆகவே மேற்படி பிறப்புகள் அன்றுதான் நிகழ்ந்தன. நிகழ்ந்ததற்குக் காரணம் இருந்தாக வேண்டும். ஆய்வாளர் விரல்விட்டு மாதங்களைப் பின்னோக்கி எண்ணினார்.

"ஏப்ரல்ல இங்க என்ன விசேஷம்?"

"அவரை காய்க்குங்க," என்றார் கூட வந்த கல்லூரி முதல்வர் பணிவாக. "எல்லார் வீட்லயும் அவரை போட்ட கூஸ்கூஸ் சோறுதான்."

"அப்படிச் சொல்லுங்க!"

வஹீபாவால் பொறுக்க முடியவில்லை. "ஐயா எப்பப் பிறந்தீங்க?"

"ஜனவரி ஒண்ணு. என் அண்ணனும் அதே வருஷம், அதே நாள். பதிவுப்படி நாங்க இரட்டைப் பிள்ளைங்க."

"நெஜத்துல?"

"நான் தொட்டில்ல கிடந்தப்போ அவன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான். அது குடும்ப விஷயம்மா. ஆராய்ச்சியோட போட்டுக் குழப்பாதீங்க."

அவரைக்காய் மற்றும் மக்கட்பேறு ஆய்வு மையம் அமைக்க உத்தரவு வந்தது. இயக்குநர், வஹீபா. பணி நிரந்தரம். கையெழுத்துப் போடுமுன் அவள் அந்த மினாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு போட்டாள்.

அடுத்த ஆண்டுத் தேர்வில் ஒரே கேள்வி: ஜனவரி ஒன்றில் பிறப்பு மிகுந்தது ஏன்? வகுப்பே அவரைக்காய் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியது. லூஞ்சா மட்டும் குமாஸ்தா என்று எழுதி முட்டை வாங்கினாள். விடைத்தாளோடு நேரே வந்தாள்.

"மேடம், நீங்கதானே அப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"சொன்னேம்மா. அப்போ நான் தற்காலிகம்."