மாப்பிள்ளையின் போர் விமானத்துக்கு அடித்த கேட் பெயிண்ட்

மதுரை,
வெள்ளிக்கிழமை.

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை சிரஞ்சீவி வெங்கடேஷ்பாபுவுக்கு, மாமனார் சீதாராமன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. விமானம் நீங்கலாக இங்கே அனைவரும் சுகம். தாங்களும், மகள் ரம்யாஸ்ரீயும், பேரக்குழந்தையும் பெங்களூரில் சுகமாக இருக்கக் கள்ளழகர் அருள்புரியட்டும். கூடவே எனக்கும் கொஞ்சம் புரியட்டும். போனில் சொன்னால் நாக்கு குழறும். அதனால்தான் கடிதம். நாளை உங்கள் அண்ணன் ராஜகுருவின் காரில் பெட்டி வரும். அதைத் திறக்குமுன் இதைப் படித்துவிடவும். முடிந்தால் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

பிரசவத்துக்கு ரம்யா இங்கே இருந்தபோது, நீங்கள் மாடி அறையில் லேப்டாப்பும் கையுமாக நாலு மாதம் தங்கி, ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் அந்த ஜப்பான் போர் விமானத்தின் மாடலைச் செய்தீர்கள். கிளம்பும்போது, தொட்டில், பெட்டி, படுக்கை எல்லாம் ஏறியபின் காரில் அதற்கு இடமில்லை. என்னிடம் கொடுத்து, "மாமா, ஒரே ஒரு வேலைதான். இந்த வார்னிஷை மேலாப்புல ரெண்டு தடவை ஸ்ப்ரே பண்ணிருங்க. ஞாயித்துக்கிழமை கண்காட்சி" என்றீர்கள். "விடுங்க மாப்ள, நான் பாத்துக்கிறேன்" என்றேன். நான் பார்த்ததுதான் வினை.

திங்கட்கிழமை பீரோவைத் திறந்து பார்க்கிறேன், இறக்கையில் பச்சை பெயிண்ட் திட்டுத்திட்டாக உரிந்து உள்ளே வெள்ளி தெரிகிறது. புகைக்குழாய் ஓரம் கரி. அடிவயிற்றில் எண்ணெய்க் கசிவு. சிவப்பு வட்டம்கூட மங்கிப்போய்க் கிடக்கிறது. முப்பத்துநாலு வருடம் சுங்குடிச் சேலைக் கடையில் நின்று, வருகிற போகிற அம்மாக்களிடமெல்லாம் "சாயம் போகாதும்மா, போனா என்னைக் கேளுங்க" என்று சத்தியம் செய்தவன் நான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஐயோ பாவம், பிள்ளை ராத்தூக்கம் இல்லாமல் எவனிடமோ டூப்ளிகேட் பெயிண்ட் வாங்கி ஏமாந்திருக்கிறாரே, இதைப் போய் நாலு பேர் முன்னால் வைத்தால் மானம் போகுமே என்று, போன தீபாவளிக்கு வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை எனாமலை எடுத்து இரண்டு கை அடித்தேன். சிவப்பு வட்டத்தையும் குங்குமப் பொட்டு மாதிரி பளிச்சென்று ஆக்கினேன். இறக்கையில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அம்புட்டு மினுமினுப்பு. உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஹம்சவேணி பார்த்துவிட்டுப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவு பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே உங்கள் போன். "மாமா, அந்த அழுக்கு, கரி, உரிஞ்ச பெயிண்ட் எல்லாம் பத்திரம். யுத்த காலத்து ஜப்பான் விமானத்துல பெயிண்ட் அப்படித்தான் உரியும். அதைக் கொண்டுவரத்தான் நாலு மாசம் ஆச்சு. தொடைச்சுக்கிடைச்சு வச்சுராதீங்க." "சேச்சே, நான் ஏன் தொடைக்கப் போறேன்" என்றேன். அது சத்தியமான வார்த்தை. நான் துடைக்கவில்லையே.

சரி, புதுசாக்கத் தெரிந்தவனுக்குப் பழசாக்கத் தெரியாதா என்று செவ்வாய்க்கிழமை களத்தில் இறங்கினேன். கல் உப்பைத் தூவிப் பெயிண்ட் அடித்து, காய்ந்தபின் உப்பைத் தட்டிவிட்டால் உரிந்த மாதிரி இருக்கும் என்று வீடியோவில் ஒருவன் சொன்னான். அவன் ஊர் வெயில் வேறு, நம்ம ஊர் வெயில் வேறு என்று அவன் சொல்லவில்லை. மொட்டை மாடியில் மத்தியானம் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தால், உப்பு அப்படியே ஒட்டியிருக்கிறது, இடது இறக்கை மட்டும் தொங்கிப்போய் நிற்கிறது. வெந்நீரில் காட்டி ஒருவழியாக நிமிர்த்தினேன். இப்போது வலது இறக்கையைவிட அது கொஞ்சம் உற்சாகமாக இருக்கிறது. புதன்கிழமை, எண்ணெய்க் கசிவுக்காக மிச்சக் காப்பியைத் தொட்டு அடிவயிற்றில் தடவினேன். அதில் சர்க்கரை இருந்தது என் புத்திக்கு எட்டவில்லை. மறுநாள் காலையில் விமானி உட்காரும் இடத்தில் எறும்புப் பட்டாளமே உட்கார்ந்திருந்தது. அத்தை அப்போது திட்டியது நம் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில். அதைத் தமிழில் எழுத எனக்குத் தெம்பில்லை.

வியாழக்கிழமை விமானத்தை மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் கப்பலூர் போனேன். அங்கே லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற சின்னச்சாமி எனக்குப் பழக்கம். "தம்பி, இதைப் பழசாக்கணும்" என்றேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பயண்ணே இப்படிக் கொலையாக் கொன்னு வச்சிருக்கான்?" "நான்தாம்ப்பா." "சரி விடுங்க. ஆனா நமக்குப் புதுசாக்கித்தான்ணே பழக்கம். பழசாகணும்னா ரோட்ல விடுங்க, தன்னால ஆயிரும்." ஆனாலும் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "வச்சிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வாங்க, ஏதாச்சும் பாப்போம்" என்றார். குடித்துவிட்டு வந்தேன். கை சும்மா இருக்காத மனுஷன், விமானத்தின் வால்பக்கம் மஞ்சள் எழுத்தில், பூ வேலையெல்லாம் போட்டு, 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவைத்திருந்தார். "இது எம்புட்டு வருஷமானாலும் அழியாதுண்ணே" என்று கேரண்டி வேறு. விமானத்தின் சாயத்தை வெளுக்க வைக்கப் போய், மாப்பிள்ளை, என் சாயம்தான் வெளுத்தது.

இவ்வளவுக்கும் நடுவில், நீங்கள் சொன்ன அந்த ஒரே வேலையை, வார்னிஷ் அடிப்பதை, இன்றுவரை நான் செய்யவில்லை.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் நீங்கள் என்னிடம் பேசியது "சாப்பிட்டீங்களா மாமா", "வாரேன் மாமா", இரண்டுதான். நானும் "ஆச்சு", "சரி" என்று இரண்டுதான் பேசியிருக்கிறேன். முதல் தடவையாக ஒரு பொருளை நம்பி என் கையில் கொடுத்தீர்கள். அதைத்தான் இப்படி ஆக்கிவைத்திருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது குழந்தையை என் கையில் தருவீர்களோ மாட்டீர்களோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு நான் பெயிண்ட் அடிக்க மாட்டேன்.

சகல சௌபாக்கியங்களும் பெற்று, கண்காட்சியில் வேறு ஏதாவது விமானத்துக்காவது பரிசு வாங்கி நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்,
சீதாராமன்.

பின்குறிப்பு: கவர் தேடும்போது அத்தையின் போன் மேஜைமேல் டிங் டிங்கென்று அடித்தது. எடுத்துப் பார்த்தேன். 'அப்பா விமானம்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப். முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள், என்னைத் தவிர. திங்கட்கிழமை மத்தியானமே கேட் பெயிண்ட் படம் போயிருக்கிறது. அதற்குக் கீழே நீங்கள்: "அத்தே, தடுக்காதீங்க. விமானம் இன்னொண்ணு பண்ணிக்கலாம். மாமா இம்புட்டு ஆசையா ஒரு வேலை பாத்து நான் பாத்ததே இல்ல." அதாவது, எல்லாம் தெரிந்துகொண்டேதான் சாயங்காலம் "பத்திரம் மாமா" என்று போன் செய்திருக்கிறீர்கள். நல்லா இருங்க மாப்ள! ஆகவே மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து என்னையும் அந்தக் குரூப்பில் சேர்த்துவிடுங்கள். நாளைக் காலை வரை விமானம் என்னிடம்தான் இருக்கிறது, அதற்குள் நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கும் தெரிய வேண்டாமா?