சண்டைக்கு அழைத்தேன், சம்பந்தம் பேச வந்தது

படித்தவர்களுக்குக் கண் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். ஒரு குருவியின் எதிரில் வாரக்கணக்கில் உட்கார்ந்தும் எனக்குத் தெரியாத விஷயம், பைக் ஸ்டாண்டு முனுசாமி அண்ணனுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. (வீட்டில் ‘சயின்டிஸ்ட்’.) தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்தால் ஆண் குண்டுக்கரிச்சான் (கறுப்பு வெள்ளைக் குருவி) ஏன் அப்படி வெறியோடு பாய்கிறது, அந்த நேரம் அதன் மூளையில் எந்த ரசாயனம் கொதிக்கிறது என்பது என் தலைப்பு. பொம்மைக் குருவி ஒன்றை வைத்து, ஸ்பீக்கரில் ஆண் குருவியின் பாட்டைப் போடவேண்டும். எல்லைக்காரர் சண்டைக்கு வந்து, பக்கத்தில் கட்டிய மெல்லிய வலையில் சிக்குவார். ஹார்மோன் பார்க்க ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிடலாம்.

கும்மிடிப்பூண்டியில் அப்பா வேலை பார்த்த இரும்பு ஆலைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். பொம்மைக்கு நானே பளபளவென்று கறுப்பு அடித்து, வயிற்றுக்கு வெள்ளை பூசி, கிளையில் கட்டினேன். வலைக்கு அனுமதி வர ஒரு வாரம் ஆனது. பொம்மை அங்கேயே இருந்தது.

அனுமதி வந்ததும் வலையைக் கட்டிப் பாட்டைப் போட்டேன். குருவி வந்தது. சண்டை மட்டும் போடவில்லை. வாலைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி, பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்து பாடியது. தினமும் இதே கதை. நான் சும்மா இருந்தேனா? ‘ஆலைப் பகுதிப் பறவைகளுக்கு ஆவேசம் குறைவு, மூளை ரசாயனமே மாறியிருக்கலாம்’ என்று எட்டுப் பக்கம் எழுதி என் கைடு மேடத்துக்கு அனுப்பினேன். (அடேயப்பா, என்ன தைரியம்!) மேடம் நேரிலேயே வந்துவிட்டார்.

அரைமணி நேரம் பார்த்தார். “இது சண்டையே போடாதுன்னா உனக்கு தலைப்பே இல்லம்மா. திங்கக்கிழமை வேற ஏதாவது பாத்துக்கலாம்” என்றார். இரண்டு வருட உழைப்பு கண்ணெதிரே போனது. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் முனுசாமி அண்ணன் மேடத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். ஆலைத் தூசி படிந்த பைக் சீட்டுகளைத் துடைப்பது அவர் வேலை.

“இன்னாம்மா, அழுதுகினு கீறே?”

“குருவி சண்டைக்கே வரலண்ணா.”

பொம்மையை நிமிர்ந்து பார்த்தார். “எப்டி வரும்? சாம்பக் கலர்ல கீறது பொட்டைம்மா. பொண்ணை உக்கார வெச்சிட்டு சண்டைக்கு வான்னா? அது மாப்ள முறுக்குல சுத்திகினு கீது!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆண் குருவிக்குக் கறுப்பு இருக்கும் இடத்தில் பெண்ணுக்குச் சாம்பல் நிறம். ஒரு வாரத் தூசியிலேயே என் ஆண் பொம்மை பெண்ணாகியிருக்கிறது!

அண்ணன் பைக் துடைக்கும் துணியால் இரண்டு இழுப்பு இழுத்தார். கறுப்பு வெளியே வந்தது. பாட்டைப் போட்டேன். அவ்வளவுதான். குருவி பாய்ந்து வந்து பொம்மையைக் கீழே தள்ளியது. எடுக்கக் குனிந்த என் தலையிலும் நங்கென்று ஒரு கொத்து. (மேடம் வருகிறாரே என்று கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டையில் போயிருந்தேன்.) திரும்பிய வேகத்தில் வலையில் சிக்கியது.

“ஆவேசம் குறைவா?” என்று கேட்டு மேடம் சிரித்த சிரிப்பில் அவரே வேப்பமரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எட்டுப் பக்கம் குப்பைக்குப் போனது. என் தலைப்பு பிழைத்தது.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் முனுசாமி அண்ணனுடையது. அந்த ஒரு துணி இல்லையென்றால் என் பெயருக்கு முன்னால் இன்று ‘டாக்டர்’ இல்லை. நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“உள்ள இன்னாம்மா எழுதிக்கீறே?”

“காதலுக்கும் சண்டைக்கும் மூளையில பாதி ஒரே ரசாயனம்தான் வேலை செய்யுதுன்னு.”

“இதுக்கா இத்தினி வருசம்? எனக்குக் கல்யாணம் ஆன மறுமாசமே தெரியுமே!”

எனக்கும் கல்யாணமாகிவிட்டது. வீட்டில் எனக்கும் கணவருக்கும் குரல் உயர்ந்தால், இந்தக் கதையெல்லாம் தெரிந்த அப்பா யார் பக்கமும் பேசமாட்டார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்:

“யாரும்மா தூசியைத் தொடைச்சது?”