உறையாத கடலின் காவலர்

பனிக்கட்டியைப் புறமுதுகிட்டு ஓடச் செய்த பெருவீரர் இப்பூவுலகில் ஒருவரே உளர். அவர்தாம் நம் துறைமுகத்தின் பனித்தடுப்புத் தலைவர். அவர் பதவியேற்ற நாள்முதல் அந்தக் கடலில் ஒரு பனித்துண்டும் மிதந்ததில்லை. அதற்கு முன்பும் மிதந்ததில்லையே என்பார் சிலர். பிழைக்கத் தெரியாதவர்கள்!

வெயில் மண்டையைப் பிளக்கும் காலையிலும் கம்பளி மேலங்கி பூண்டு படித்துறையில் இறங்குவார். கடலில் கைவிட்டுப் பார்ப்பார். "உறையவில்லை" என்பார். ஊழியர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

துறைமுகத்தின் ஒரே ஆழமான மூலையில் பனியுடைக்கும் கப்பல் எந்நேரமும் 'ஆயத்த நிலையில்' நிற்கும். தூர்வாரும் கப்பலை விற்றுவிட்டு வாங்கிய செல்வம் அது. மற்ற இடமெல்லாம் சேறு. சேறு 'பனி' ஆகாதே!

அன்று கைபேசியில் அழைத்தவள் அவருடைய சொந்தத் தங்கை. அக்கரைக்குப் படகு ஓட்டுபவள்.

"அண்ணே, படகுல ஒரு புள்ளத்தாச்சி. வலி எடுத்துடுச்சு. கடல்தண்ணி வேற வத்திட்டே போகுது. உன் கப்பலைக் கொஞ்சம் நகத்து, நான் அங்க வந்து ஒதுங்கிக்கிறேன்."

"பதறாதம்மா. சுத்திப் பனி ஏதாச்சும் தெரியுதா?"

"இங்க வேர்த்து ஊத்துது. பனியாம் பனி!"

"அப்ப அதை நகத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா. பனி வந்தாத்தான் கப்பல் கிளம்பும்."

"இங்க பனி வரவே வராதேண்ணே!"

"அதுதான் எங்க சாதனை."

"அண்ணி துடிச்சப்போ இதே படகுலதானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்? மறந்துட்டியா?"

தலைவர் மறக்கவில்லை. அவர் கை, ஆணையிட மணியை நோக்கி நீண்டது. உதவியாளர் குனிந்து காதைக் கடித்தார்: "சார், கப்பல் நகந்த நேரம் பார்த்துப் பனி உள்ள வந்துட்டா? இன்னிக்கு உங்களுக்குப் பாராட்டு விழா வேற."

கை திரும்பி வந்து மேலங்கிப் பைக்குள் புகுந்தது.

மாலையில் விழா மேடையில் தலைவர் முழங்கினார்: "இன்றும் நம் கடலில், பனியால், எந்த உயிருக்கும் எள்ளளவும் இன்னல் நேரவில்லை!"

மண்டபம் அதிரக் கைதட்டல். வெளியே, சேற்றில் சிக்கிய படகை விட்டிறங்கி இடுப்பளவுச் சகதியில் வந்துகொண்டிருந்த அவருடைய தங்கையும் பயணிகளும் மட்டும் கைதட்டவில்லை. அவர்கள் ஒரு பலகையைச் சுமந்துகொண்டிருந்தார்கள். பலகையில் தாய், தாயின் மார்பில், கரைசேரும்வரை பொறுக்காமல் பிறந்துவிட்ட பிள்ளை.

நன்றிகெட்டவர்கள் அல்லர், கைதட்ட அவர்களுக்குக் கை ஒழியவில்லை.